ஒன்பதாவது கேள்வி

1. படிவம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எக்ஸர்சைஸ் சயின்ஸ் சேருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். நான் அந்த லேபில் டெக்னீஷியன். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஈ.சி.ஜி. அக்கா. தலை நரைத்த பிறகும் அக்காதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் லேப் வாசலில் வரிசை நிற்கும். ட்ரெட்மில்லில் ஏற்றி ஓட விடுவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். பதினெட்டுக் கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். அவர்களே நிரப்பினால் பதினெட்டுக்கும் சேர்த்து மேலிருந்து கீழாக 'நோ' என்று ஒரே கோடு இழுத்துவிடுவார்கள். ஆகவே நானே தமிழில் கேட்டு நானே டிக் போடுவது வழக்கம். ஒருவருக்கு இரண்டு நிமிடம். அதைவிட அதிகமானால் வரிசை சலசலக்கும், எனக்கும் கோபம் வரும்.

இந்தக் குறிப்பு அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியைப் பற்றியது. அதில் நான் தப்பாகப் போட்ட ஒரு டிக்கைப் பற்றியது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இதே வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மோனிஷா தேங்காய்த்திட்டு மீனவர் வீட்டுப் பெண். நானூறு மீட்டர் ஓடுவாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்திருந்தாள். "ஓடுறதுக்கு ஒரு டிகிரியா?" என்று அவள் அம்மா கேட்டதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தாள். பிடித்துப்போன பெண். பிடித்துப்போனவர்களிடம்தான் நாம் வேகமாக வேலையை முடிக்கிறோம்.

"உங்க வீட்ல அம்பது வயசுக்குள்ள யாராச்சும் திடீர்னு செத்துருக்காங்களா?"

"இல்லக்கா."

"அப்பா, அம்மா நல்லா இருக்காங்களா?"

"அம்மா இருக்குது. அப்பா கடல்ல போய்ட்டாரு. நான் நாலாவது படிக்கசொல்ல."

'த்சு' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

நான் பக்கத்து முதலியார்பேட்டைக்காரி. இந்தக் கடற்கரைப் பேச்சு எனக்குப் புதிதல்ல. இங்கே நோயில் போனவர்கள் ஒரு கணக்கு, கடலில் போனவர்கள் வேறு கணக்கு. கடலில் போனவரை யாரும் 'திடீர்னு செத்தார்' என்று சொல்ல மாட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த விதத்தில் சரியான பதிலைத்தான் சொன்னாள். அந்தப் பதிலை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

அன்றைக்கே அவளைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தேன். தாளின் கீழே மெஷின் 'பார்டர்லைன்' என்று அச்சடித்திருந்தது. எங்கள் மெஷின் பக்கத்தில் யாராவது தும்மினால்கூட பார்டர்லைன் என்று சொல்லுகிற ரகம். தாளை மடித்து ஃபைலில் வைத்தேன்.

2. நீச்சல் குளம்

இரண்டாம் வருடம் நீச்சல் பிராக்டிகல் உண்டு. மீனவர் வீட்டுப் பெண் என்றால் நீந்தத் தெரியும் என்று கோச் நினைத்துக்கொண்டார். அங்கே பெண் பிள்ளைகளை யார் கடலில் இறக்குகிறார்கள்? அவள் நீச்சல் கற்றதே எங்கள் குளத்தில்தான்.

மார்ச் மாதம், கடைசி டெஸ்ட். பாதிக் குளம் தாண்டியதும் கை அசையாமல் முகம் கவிழ்ந்து மிதந்தாள். பக்கத்து லேனில் வந்த தோழி இழுத்துக் கரை சேர்த்தாள். அரை நிமிடத்தில் கண் திறந்துவிட்டாள். "காலைல சாப்டாம வந்துருப்பா" என்றார் கோச். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். எலெக்ட்ரால் வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் லேபுக்கு வந்து அதைத் தமாஷாகச் சொன்னாள். எனக்கு என்னவோ உறுத்தியது. சாப்பிடாதவள் தலை சுற்றி உட்காருவாள், தண்ணீரில் இப்படி அணைந்து போகமாட்டாள்.

"உங்கப்பா கடல்ல எப்படிம்மா போனாரு?"

"போட்டுக்கு அடியில சுத்துற ஃபேன்ல வலை சிக்கிக்கிச்சு. அறுத்து விடலாம்னு எறங்குனாரு. மேல வரல."

"அவருக்கு நீச்சல் தெரியாதா?"

சிரித்துவிட்டாள். "எங்கப்பாவுக்கா? நல்லா கேட்டீங்க. எங்க சித்தப்பாவும் அப்படித்தான் போனாரு, கரைக்குக் கிட்டவே. ரெண்டு பேரும் மீன் மாதிரி நீந்துவாங்க."

எழுந்துபோய் அவளுடைய முதல் வருட ஃபைலைத் தேடி எடுத்தேன். டிவைடரை வைத்து, மெஷினை நம்பாமல் கையாலேயே அளந்தேன். மூன்று முறை அளந்தேன்.

இளையவர்களுக்காக எளிதாகச் சொல்கிறேன். ஒரு துடிப்பு தொடங்கி அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராகும் வரை ஆகிற நேரத்தை க்யூ-டி என்கிறோம். சில குடும்பங்களில் அந்த நேரம் பிறவியிலேயே நீளம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது, முக்கியமாக நீந்தும்போது, இதயம் தாளம் தப்பிச் சட்டென்று நின்றுபோகலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் போனார் என்றால் இதையும் யோசிக்க வேண்டும். மோனிஷாவின் தாளில் அந்த நீளம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றரை வருடமாக என் அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

3. கடல் எடுத்தது

இதய டாக்டர் உறுதி செய்தார். தினமும் மாத்திரை. இனி ஓடக் கூடாது, நீந்தக் கூடாது. மோனிஷா டாக்டர் அறையில் அழவில்லை. வெளியே வந்து ஸ்பைக்ஸ் ஷூ இருந்த பையை என் கையில் கொடுத்தாள். "லேப்லயே வெச்சுருங்கக்கா. வீட்ல பாத்தா கஷ்டமா இருக்கும்."

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கூடப் பிறந்தவர்களுக்கு இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடனே ஈ.சி.ஜி. எடுங்கள்.

கூடப் பிறந்தவன் ஒருவன்தான், அண்ணன் விக்கி. விசைப்படகில் வேலை. அப்பா இறங்கிய அதே வேலைக்கு இறங்குகிறவன். மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டு மாதம் படகுகள் கரையில் நிற்கும். அதற்குள் அவனுக்கு ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அம்மா செல்வி மீன் விற்கிறவர். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகுதான் பேசினார்.

"எங்க ஊட்டுக்காரரு கடல்ல போனாரு. அதுல ஒரு மருவாதி இருக்குது. நீ வந்து நோயில போனாருன்றியே."

"இல்லம்மா, பையனுக்கு ஒரு டெஸ்ட்டு மட்டும்..."

"நோயாளி வீடுன்னு ஒரு பேச்சு வந்துச்சுனா எம்புள்ளைய எந்த போட்ல ஏத்துவான்? எம்பொண்ண எவன் கட்டுவான்? அவ ஓட்டத்த நிறுத்திட்டீங்க. அதோட உட்டுருங்க."

அவர் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விக்கி என் ஸ்கூட்டர் வரைக்கும் கூட வந்தான். நல்ல உயரம், அகன்ற தோள், தங்கையின் அதே சிரிப்பு.

"அம்மா அப்படித்தான் பேசும், நீ மனசுல வெச்சுக்காதக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் சரி, உங்க லேபுக்கு வந்தாலும் சரி, தொறைமுகம் பூரா தெரிஞ்சிரும். நீ மெஷின எடுத்துக்கினு ஒரு நாள் காலைல வந்துரு. அம்மா மீன் விக்கப் போயிருக்கும். நான் படுத்துக்கறேன், பாத்துட்டுப் போ."

"கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

4. கடிதம்

எங்கள் லேபில் கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன ஈ.சி.ஜி. மெஷின் ஒன்று உண்டு. ஒரு தர்பூசணியைவிடக் கனம் குறைவு. ஆனால் லேப் கருவிகள் கேட்டைத் தாண்டக் கூடாது.

துறைத்தலைவர் ஸ்டீபன் சார் நல்ல மனிதர். பழைய பிரெஞ்சுப் படிப்பு, எந்த ஃபைலையும் தொசியே என்றுதான் சொல்வார். "கொண்டு போறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா தொசியேல ஒரு பெர்மிஷன் இருக்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா உன்னையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அதற்குள் கோடை விடுமுறை. பதிவாளர் ஊரில் இல்லை.

வாரம் ஒரு முறை போய்க் கேட்டேன். "ட்ரேல இருக்குது மேடம். சார் வந்ததும் மொத லெட்டர் உங்களதுதான்" என்றார் அங்கிருந்த கிளார்க்.

மோனிஷா போன் செய்துகொண்டே இருந்தாள். முதலில் "போட்டுக்குப் பெயிண்ட் அடிக்குறாங்கக்கா" என்றாள். இன்னொரு நாள் "வலையெல்லாம் ஏத்திட்டாங்க" என்றாள். கடைசியாக "நாளைக்கு ஐஸ் ஏத்துறாங்களாம். எப்பக்கா வருவீங்க?" என்றாள். ஒவ்வொரு முறையும் "வந்துரும்மா" என்றே சொன்னேன். எது வந்துவிடும் என்று சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த போன் வந்த சாயங்காலம் மெஷினை ஒரு துணிப்பையில் வைத்து, மேலே டிபன் பாக்ஸை வைத்து, கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் சிரித்தபடி, "இன்னா மேடம், பை கனமா இருக்குது?" என்று கேட்டார். தினமும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். "கண்ணாடிய மறந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பிப் போய் மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்று வருடம் இருந்தது. ஒரு கேள்விக்குப் பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

தடை முடிந்து படகுகள் போயின. மூன்றாம் நாள் ஃபேனில் வலை சிக்கியது. விக்கிதான் இறங்கினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். கயிறு தளர்ந்ததைப் பார்த்து மற்றவர்கள் குதித்துத் தூக்கினார்கள். கரைக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரேதப் பரிசோதனையில் நீரில் மூழ்கி இறந்ததாக எழுதினார்கள். அவனுக்கும் க்யூ-டி நீளமா என்பது எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு தாள் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாவு வீட்டுக்குப் போனேன். செல்வி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவன் எல்லாத்தயும் எங்கிட்ட சொன்னாம்மா, நீ மிசினு எடுத்துக்கினு வருவேன்னு. போட்டு போறதுக்கு முந்தி ரெண்டு நாளும் நான் மீனுக்குப் போவல. நீ வந்தா நானும் கூட இருக்கலாம்னு ஊட்லயே இருந்தேன்."



அடுத்த வாரம் பல்கலைக்கழகம் திறந்த அன்று காலை, அனுமதிக் கடிதம் சீல் வைத்து என் மேஜைக்கு வந்தது. கருவியை நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. கடிதத்தை ஃபைலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, கிழித்துப்போடவும் வரவில்லை. இன்னும் என் வீட்டு பீரோவில் கிடக்கிறது.

5. மீண்டும் படிவம்

மோனிஷா படிப்பை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். காரியம் முடிந்து இரண்டு வாரத்தில் வந்தாள். ஓட முடியாததால் பிராக்டிகல் நேரத்தில் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். என்னிடம் கோபம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு எப்போதுமே குறைவு என்பதை இதற்குள் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒன்பதாவது கேள்விக்குக் கீழே தமிழில் மூன்று வரி சேர்த்து எழுதியது அவள்தான். வீட்டில் கடலில் போனவர்கள் உண்டா? எத்தனை பேர்? அவர்களுக்கு நீச்சல் தெரியுமா?

ஸ்டீபன் சார் படித்துப் பார்த்தார். "இது சயின்டிஃபிக்கா இல்லையேம்மா" என்றார். அவளைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயங்கள்தான் உண்டு. படிவத்தில் உள்ள கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டால் கேட்டுவிட்டதாக எண்ணாதீர்கள். எதிரில் இருப்பவர் சாவை எந்தப் பெயரில் சொல்லிப் பழகியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பெயரில் கேளுங்கள். இரண்டாவது, மெஷினைக் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் கொண்டுபோய்விடுங்கள். மன்னிப்புக் கடிதம் எழுதப் பிறகு நிறைய நேரம் இருக்கும்.

அந்த வருடம் புதுப் படிவத்தை முதலில் யாருக்கு நிரப்புவது என்று பேச்சு வந்தது. மோனிஷா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கே போடுங்கக்கா. என்னோடது தப்பா இருக்குதுல்ல" என்றாள்.

எட்டுக் கேள்வி வரைக்கும் வேகமாகக் கேட்டுவிட்டேன். ஒன்பதுக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

"வீட்ல கடல்ல போனவங்க உண்டா?"

"உண்டு."

"எத்தனை பேரு?"

"மூணு."

எழுதினேன். அடுத்த வரியைப் படிக்க எனக்கு வரவில்லை. அவளே படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்துப் படித்து, பதிலையும் சொன்னாள்.

"மூணு பேருக்கும் நல்லாத் தெரியும்க்கா. எழுதிக்கோங்க."