நாற்பத்தெட்டு நாள் மாத்திரை விரதம்

எனக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய். ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டன. யாரையும் கேட்காமல் செய்துகொண்ட கல்யாணம் என்று நான் சொல்லிச் சிரிப்பேன். காலையும் மாலையும் கேப்சூல் விழுங்கினால் ஜோடி வாலாட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒட்டு மரபணு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று அளப்பார்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

விரதம் தொடங்க ஒருநாள் இருக்கும்போது மருந்து வாங்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மலாய்க்கார அம்மா, நான் விழுங்கும் அதே கேப்சூலின் கூடு எதில் செய்தது என்று கேட்டார். மாட்டு ஜெலட்டின்தான், ஹலால், கவலை வேண்டாம் என்றார்கள். அவர் நிம்மதியாகப் போனார். என் நிம்மதியும் அவரோடே போய்விட்டது.

முட்டை கலந்திருக்குமோ என்று பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் விரதம் இருக்கிறவன் நான். மாட்டை விழுங்கிவிட்டு முருகன் முன்னால் எப்படி நிற்பது? மாத்திரை அட்டைகளைச் சாமி மேடையில் திருநீற்று டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். மனைவி வைத்த அலாரம் அடிக்கும்போதெல்லாம் வெறும் தண்ணீரைக் குடித்தேன்.

தைப்பூசம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுநாளே கேப்சூலைத் தொடங்கிவிட்டேன். ஆனால் அடுத்த பரிசோதனையில் எண் எகிறியிருந்தது. ஒட்டு மரபணுவுக்குள் புதிய பிறழ்வு வந்திருந்தால் மருந்துக்குப் பிடி கிடைக்காது, வேறு மரபணுக்களிலும் பிறழ்வு சேர்ந்திருக்கலாம், மருந்தையே மாற்ற வேண்டிவரலாம் என்றார் டாக்டர். எங்கள் மகள் வயதுதான் அந்தத் தமிழ்ப் பெண் டாக்டருக்கு. இடையில் மாத்திரையை விட்டதுண்டா என்றும் கேட்டார்.

"ஒரு வேளகூட விட்டதில்ல டாக்டர். நான்தான் அலாரம் வச்சிருக்கேன்," என்றாள் மனைவி.

பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் மேசைக்கடியில் என் கையைப் பிடித்த அவள் கை சில்லிட்டிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவேளை புதிய பிறழ்வே வந்திருந்தால் என்ற பயம் வேறு. ஜெலட்டின், திருநீற்று டப்பா, அலாரத் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அங்கிள், இது வெறும் வயித்துல சாப்பிடற மருந்து. விரதத்துக்கு இதவிடத் தோதா வேற என்ன இருக்கு?" என்றார் டாக்டர்.

எங்கள் ஊரான பத்து பாகாட்டுக்குத் திரும்பினோம். அதன் பிறகு பல நாள் வீட்டில் சமையல் சத்தம் மட்டும்தான். பிறழ்வு எதுவும் இல்லை என்று முடிவு வந்த அன்று அவள் அழுதாள். நானும் அழுதேன். அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண் பழையபடி இறங்கியது.

இந்த வருடமும் பால்குடம். கோயில் வாசலில் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது அலாரம் அடித்தது. உள்ளங்கையில் கேப்சூலோடு மனைவி வந்து நின்றாள். கொடுத்துவிட்டுப் போ, நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"முருகன் உங்கள நம்புவாரு. நான் பாத்தாத்தான் நம்புவேன். வாயத் திறங்க."

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் விழுங்கினேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.