குரங்கணிக்கு மேலே தலைகீழாக வரும் ஜீப்

நான் மலையேறியது ஒரு சிவப்புப் பேனாக் கோட்டுக்காக. போடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதும் பெண்களுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒருவர் சிலமலை கிராமத்துப் பாண்டியம்மாள். வயது முப்பத்தெட்டு, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். மாதிரித் தேர்வில், மலைச்சாலை வளைவில் வைத்திருக்கும் ஆடி எப்படிப்பட்ட பிம்பம் தரும் என்று கேட்டிருந்தேன். குவியாடி, நேரான சிறிய பிம்பம் என்பது விடை. பாண்டியம்மாள், 'ஜீப்பு தலைகீழாக வரும்' என்று எழுதியிருந்தார்.

குறுக்கே கோடு போட்டதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. வகுப்பில் அதை வாசித்துக் காட்டி, "அந்த ஜீப்புல மட்டும் ஏறிராதீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பத்தாவது முடித்து அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட வேண்டும் என்பது அவருடைய இரண்டு வருட ஆசை. தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் திங்கட்கிழமை கடைசி நாள். எனக்குக் குற்ற உணர்ச்சியில் சோறு இறங்கவில்லை. அவருடைய விடைத்தாளையும் விண்ணப்பத்தையும் பையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி மாதப் புதன்கிழமை ஒன்றில், குரங்கணிக்கு மேலே அவர் வேலை செய்யும் தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

போடியிலிருந்து குரங்கணிக்குப் பதினாறு கிலோமீட்டர். காலை 5.50 பஸ், இருபது ரூபாய். 6.40க்கு இறங்கியபோது மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. டீக்கடையில் பாலில்லாத கட்டங்காப்பி ஒன்று குடித்துவிட்டு, தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்பில் ஐம்பது ரூபாய் கொடுத்து முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் பதினொரு பெண்கள். பாண்டியம்மாள் முந்தின ஜீப்பிலேயே போய்விட்டாராம்.

நான்கு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம். மஞ்சு என்று இங்கே சொல்லும் மூடுபனி முன்கண்ணாடியில் வந்து படுத்துக்கொள்கிறது, ஓட்டுநர் செல்வம் துடைக்கிறார், மறுபடி படுக்கிறது. சாலைக்கு இருபுறமும் மர நிழலில் ஏலச்செடிகள் நனைந்து நின்றன. பின்னால் யாரோ மெதுவாகப் பாடினார்கள். நான் விழித்திருந்தேனா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றது. முகத்து உயரத்தில், வெட்டிய மரக்கட்டை ஒன்றில், வளைவு ஆடியாக, வட்டமான எவர்சில்வர் தகடு அறைந்திருந்தது.

"பாருங்க டீச்சர். ஆகாசம் கீழ கெடக்கா? அப்ப ரோடு காலின்னு அர்த்தம்" என்றார் செல்வம். பிறகு, "இருங்க, வண்டி வருது."

தகட்டின் மேல்விளிம்பில் சாலை தொங்கியது. அதிலிருந்து வௌவால் மாதிரி, சக்கரம் மேலே, கூரை கீழே, ஒரு சின்ன ஜீப் ஊர்ந்து வந்து மெல்லப் பெரிதானது. சற்று நேரத்தில் நிஜ ஜீப் வளைவைத் திரும்பி, ஒழுங்காக நேராக, எங்களைத் தாண்டிப் போனது. எனக்குக் காது சுட்டது.

போன மழைக்கு மேலிருந்து கல் உருண்டு, ஆடியின் முன்பக்கம் முழுக்கக் கீறிவிட்டதாம். புதிதுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாத தோட்டத்துப் பெண்கள் அதைக் கழற்றி, பின்பக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கித் திருப்பி மாட்டிவிட்டார்கள். குவியாடி குழியாடி ஆகிவிட்டது. "தட்டுன்னா ரெண்டு பக்கமும் தட்டுதான டீச்சர்" என்றது பின்சீட்டு. ஓட்டுநர்கள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்களாம்.

பாண்டியம்மாள் வளைவுக்குக் கீழேயே இருந்தார். ஏலக்காய், செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கும். குந்தி உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தவர், "வாங்க டீச்சர்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க எழுதினது சரி. நான்தான் பார்க்காம அடிச்சிட்டேன். உங்களை வச்சுச் சிரிச்சது அதைவிடத் தப்பு" என்றேன்.

கை நிற்கவில்லை. "கண்ணாடிக்குக் கிட்டப் போனீகளா?" என்றார்.

"இல்லை."

"அப்ப இன்னும் பாக்கல. வாங்க."

ஆறடி தள்ளி நிறுத்தினார். தகட்டுக்குள் நான் தலைகீழாக, சின்னதாக. நடக்கச் சொன்னார். நான் பெரிதானேன். நாலடியில் முகம் கலைந்து, புடவையின் பச்சையும் மஞ்சின் வெள்ளையும் ஒன்றாகக் கரைந்தன. நான் என்று ஒன்று அங்கே இல்லை. இரண்டடிக்குள் போனதும் சட்டென்று என் முகம் நேராக, பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றது. பதினொரு வருடமாகக் கரும்பலகையில் அட்டவணை போட்டு நடத்திய பாடம் இது. அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். கண் கலங்கிவிட்டது.

அங்கேயே என் கோட்டை அடித்து, மதிப்பெண் போட்டேன். பாண்டியம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். "மத்த வளைவுல எல்லாம் நேராத்தான் தெரியும். பரீச்சையில அத எழுதிக்கிறேன். ஆனா இதையும் வகுப்புல வாசிங்க. அன்னைக்குச் சிரிச்சவுக எல்லாம் இருக்கணும். அதுக்கப்புறம் விண்ணப்பத்துல கையெழுத்துப் போடுறேன்."

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும், அட்டைக்கு உப்பும் வேண்டும். நடந்து ஏறுவதானால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். காலை பத்துக்குள் போய்விடுங்கள். தகட்டில் உச்சி வெயில் குவிந்து, எதிர்க்கிளையில் தொங்கிய சருகு ஒருமுறை புகைந்ததாம், அதனால் மதியத்தில் தகட்டைச் சாக்கால் மூடிவிடுகிறார்கள். திரும்ப ஜீப் மூன்று மணிக்கு.

இன்று ஞாயிறு. பாண்டியம்மாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். வாசித்தேன், தகடு திரும்பிய கதையையும் என் கதையையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை நீட்டி, என் பேனாவையும் கொடுத்தேன்.

"சிவப்பு வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் நீலப் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.