மலையேறிய பவளப்பாறை

கடலைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கிக்கொண்டு மலையிலேயே காலம் தள்ளியவன் நான். மேலிடம் எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஊர் ஊராக ஒப்பிக்கும் உத்தியோகத்தில் நீங்களும் மாட்டியிருந்தால், என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

எண்பதுகளில் கடல் உயிர்களைக் காப்பதற்கென்று ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். பவளப்பாறைகளை மக்களே முன்வந்து காக்க வேண்டும், அதைப் பகாங் மாநிலத்தில் ஒரு மூலை விடாமல் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. கேமரன் மலையும் பகாங்கில்தானே இருக்கிறது! அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், படம் காட்டும் பெட்டியைத் தோளில் மாட்டி, ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கூடவே என் மேலதிகாரி. அவரை மலாயில் மரியாதையாகத் துவான் என்றுதான் கூப்பிட வேண்டும். அதில் அவர் கறார்.

பவளம் வந்திருக்கு

கூட்டத்துக்கு ஆள் வருமா என்று பயந்துகொண்டே போனேன். தோட்டத்து மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெண்கள் பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். சிலர் கையில் ஜாதகம்கூட இருந்தது. துவான் பூரித்துப்போய், "மக்களுக்குக் கடல்மேல் எவ்வளவு அக்கறை பார்த்தாயா!" என்று என் முதுகில் தட்டினார்.

விஷயம் பிறகுதான் வெளிவந்தது. அரசாங்கம் பவளத்தைப் பற்றிப் பேச வருகிறது என்று கங்காணி சுப்பையாவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகப் போய், அரசாங்கம் பவளம் கொண்டுவருகிறது என்று சொல்லிவிட்டார். செவ்வாய் தோஷத்தால் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களைப் பெற்றவர்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பவளம் கடலுக்குள் உயிரோடு வளர்கிறது, அதைத் தொடவே கூடாது என்று தொண்டை கிழியப் பேசினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் கங்காணி எழுந்தார். "எல்லாம் சரிதான் சார். மோதிரத்துக்கு ஒரு கல்லு, சின்னதா இருந்தாலும் பரவால்ல, குடுத்துட்டுப் போங்கலா."

உப்புத் தண்ணீர் இலாகா

அடுத்த கூட்டத்துக்குப் பாதி ஆள்கூட வரவில்லை. "பவளப்பாறைமேல் நங்கூரம் போடாதீர்கள், மிதிக்காதீர்கள்" என்று நான் கெஞ்ச, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர்கள் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மருந்தடிக்கும் வேலை பார்க்கும் ராக்கம்மா எழுந்தார். முனியாண்டி கோயிலுக்கு எதிரே ஓடையில் ஒரு மடு உண்டு. அதில் கெலா என்கிற ஆற்று மீன் கூட்டமாக நிற்கும். புல்லுக்கு மருந்தடித்த பம்புகளை அந்த மடுவுக்கு மேலேதான் கழுவ வேண்டும் என்பது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் கட்டளை. தண்ணீர்க் குழாய் உள்ள கொட்டகைக்குப் போய்வந்தால் நேரம் வீணாகிறதாம். மருந்தடிக்கும் நாளெல்லாம் மீன் செத்து மிதக்கிறது. "அதே தண்ணியிலதான் தம்பி எம்புள்ளைங்களக் குளிப்பாட்டுறேன். இன்னைக்கு மீனு, நாளைக்கு யாரு?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீரென்றது. துவானிடம் மலாயில் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நம் இலாகா உப்புத் தண்ணீரோடு சரி. அந்த மீன் கடலுக்கு வந்து சேர்ந்ததும் எனக்குத் தகவல் சொல்."

முட்டைக்கு வந்த யோகம்

ரிங்லெட்டில் எங்களுக்குச் சாப்பாடு காதர் பாய் கடையில்தான். கடலாமைப் படம் போட்ட எங்கள் சுவரொட்டியைக் கல்லாவுக்குப் பின்னால் நானே ஒட்டினேன். ஆமை முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் மலாயில் இருந்தது. பாய் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அடுத்த முறை போனபோது சுவரொட்டியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அதற்கு நேர் கீழே ஒரு கூடை நிறைய ஆமை முட்டை.

"என்ன பாய் இது?" என்றேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இங்க இது கெடைக்கும்னே யாருக்கும் தெரியாம இருந்துச்சு தம்பி, ஒங்க படத்தப் பாத்துட்டுத்தான் கேட்டு வர்றாங்க. இது ஒங்க துவான் சொல்லிவச்சது, மறக்காமக் குடுத்துருங்க."

நேர்ந்துவிட்ட மீன்

எங்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் ராக்கம்மா முனியாண்டியை நம்பினார். ஒரு வெள்ளிக்கிழமை லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், மடுவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மீன்களைச் சாமிக்கு நேர்ந்துவிட்டார். இனி அதை யாரும் பிடிக்கக் கூடாது, மேலே பம்பு கழுவக் கூடாது. கிராணி தாம் தூம் என்று குதித்துப் பார்த்தார். சாமி குற்றத்துக்குப் பயந்து ஒருவரும் அசையவில்லை. பம்புகள் கொட்டகைக்குப் போயின. சில மாதங்களில் மடு மீனால் கருத்துவிட்டது. நான் ஒரு துரும்பையும் அசைக்காவிட்டாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திருவிழா நெருங்கியபோதுதான் வினை வந்தது. கிடாயோ சேவலோ, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டதை வெட்டித்தானே ஆக வேண்டும்? கங்காணி வலையும் அரிவாளுமாக மடுக்கரையில் வந்து நின்றார். இத்தனை நாள் காத்ததே இதற்குத்தான் என்று பாதி லயம் மசாலா அரைக்கத் தொடங்கிவிட்டது. சாமி வந்து ஆடியவரும் "எங்கே என் மீனு?" என்றே கேட்டார்.

ராக்கம்மா அசரவில்லை. முனியாண்டிக்குக் கூடுதலாக ஒரு சேவல் கொடுத்துவிட்டு, மீன்களை முருகனுக்கு மாற்றி எழுதச் சொன்னார். இப்படி ஒரு வழக்கமே இல்லையே என்று பூசாரி தலையைச் சொறிந்தார். அதற்கு ராக்கம்மா, "முனியாண்டி கறி திங்கிற சாமி, கேக்கத்தான் செய்வாரு. முருகன் சைவம்லா, அவருகிட்ட இருந்தா மீனு பொழச்சுக்கும்."

பாராட்டு விழா

செய்தி துவான் காதுக்கு எட்டியதும், உப்பில்லாத தண்ணீரும் திடீரென்று அவர் இலாகாவுக்குள் வந்துவிட்டது. 'பவளப்பாறைப் பிரசாரத்தின் மகத்தான வெற்றி' என்று மடுக்கரையில் பதாகை கட்டினார். கோலாலம்பூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். எல்லோரும் பேசினார்கள். ராக்கம்மாவை மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

மதியம் மேனேஜர் துரையின் பங்களாவில் விருந்து. பொரித்த மீன், புளிக்குழம்பு மீன். இந்த மலையில் இவ்வளவு பச்சை மீனா என்று ஒருவர் வியக்க, விருந்து ஏற்பாடு செய்த கிராணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். கையைக்கூடக் கழுவாமல் மடுவுக்கு ஓடினேன். வெளியாட்களைக் கூட்டிவந்து வீசிய வலை கரையில் காய்ந்துகொண்டிருந்தது. மடுவில் ஒரு குஞ்சுகூட இல்லை. தலைக்கு மேலே பதாகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை போனபோது பம்புகளை மறுபடி ஓடையிலேயே கழுவிக்கொண்டிருந்தார்கள். சாமி மீனே இல்லை, அப்புறம் என்ன சாமி குற்றம் என்று கேட்டாராம் கிராணி. எனக்கு வந்த ஆத்திரத்தில் படப்பெட்டியைத் தூக்கி ஓடையில் எறிந்துவிடலாம் போலிருந்தது. பிள்ளைகளைக் குளிப்பாட்ட எங்கோ மேலேயிருந்து தகர டின்னில் தண்ணீர் சுமந்து வந்த ராக்கம்மா, என்னைக் கண்டதும் நின்றார். "சாமியே வந்து கேட்டுச்சு தம்பி, குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டோம். ஒங்க ஆளுங்க கேக்கக்கூட இல்லையே."

தூண்டிலிலிருந்தும் மருந்திலிருந்தும், ஏன், முனியாண்டியிடமிருந்தும்கூட ஒரு மீனைக் காப்பாற்றிவிடலாம். பாராட்ட வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றும் வழியைத்தான் எங்கள் அலுவலகம் கடைசிவரை எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.