அறை காலி

பயப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று சின்னவளைப் பற்றி வீட்டில் சொல்வார்கள். லிஃப்ட் பயம், பாலம் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அதுவும் பயம். பயம் வந்துவிட்டால் அவளை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. கை உதறும், வாய் கத்தும், கால் தானாக ஓடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு நட்ட நடுப் பகலிலும் பேய்தான்.

அக்கா அவளுக்கு நேர்மாறு. பதறாத காரியம் சிதறாது என்று யாராவது சொன்னால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அக்காவைத்தான். எது வந்தாலும் அசையாமல் நிற்பாள். சின்னவள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே வளர்ந்தாள்.

கட்டட அலுவலகம் ஒன்றில் குளியலறைக்கும் மாடிப்படிக்கும் வரைபடம் போட்டே பல வருஷம் ஓட்டிய சின்னவள், திடீரென்று கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். கலை, கட்டடம், கணினி மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிற படிப்பு. ஆள் உள்ளே வந்தால் அதற்குப் பதில் சொல்கிற அறைகளைக் கட்ட வேண்டும். சுவர் வாயை மூடிக்கொண்டு இருக்கிற வரைக்கும்தானே குடும்பத்துக்கு நல்லது என்று அவள் கணவர் கிண்டல் செய்தார். சின்னவள் சிரிக்கவில்லை. பயந்தவர்களுக்குத் துணையாக இருக்கிற அறை ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அதற்கும் ஒரு பயம்.

கடைசி வருஷத்தில் கட்டியும் விட்டாள். இருட்டறை. நீங்கள் நடந்தால் வெளிச்சம் கூடவே நடந்து வரும். கையை உயர்த்தினால் கூரை மேலே ஏறி இடம் விடும். கூரை என்றால் துணியும் விளக்குகளும் பொருத்திய பெரிய மரச்சட்டம், மோட்டார் இழுக்கிற கம்பிகளில் தொங்குவது. ஆள் போனதும் விளக்கெல்லாம் அணைந்து, சட்டம் மெல்ல முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். அறை தூங்குகிறது என்பாள். அழகான யோசனைதான், யார் இல்லை என்றது?

தேர்வு நாளன்று அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அக்கா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். தேர்வாளர்கள் இரண்டு பேர். அதில் ஒரு அம்மா, இந்தப் படிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் முதலில் உள்ளே போகட்டும் என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லச் சின்னவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இல்லை. அக்கா கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியே மேசையில் இருந்த கணினித் திரையில் அக்கா ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி கொஞ்ச தூரம் நடந்தது. நின்றது. பிறகு காணாமல் போனது. திரையில் எழுத்து வந்தது: அறை காலி.

வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று சின்னவள் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மோட்டார் உறுமத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்க அவள் பொருத்திய சென்சாருக்கு அசைவு மட்டும்தான் தெரியும். இத்தனை நாளும் சோதித்துப் பார்த்தது யார்? இவள். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவள். மிச்சம், கூடப் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் உள்ளே போய் ஆடினார்கள், குதித்தார்கள், கையை ஆட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சும்மா நின்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சும்மா நிற்கிற மனுஷி அந்த அறைக்கு ஆளே இல்லை.

நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது நினைவுக்கு வந்தால்தானே! கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கும்மிருட்டு. மேலே கனமான சட்டம் இறங்குகிற சத்தம். கையைக் காலை உதறிக்கொண்டு அக்கா, அக்கா என்று குதித்தாள். அவளைக் கண்டுகொண்டு விளக்குகள் எரிந்தன. அக்கா நடுவில் நின்றிருந்தாள். அவள் தலைமுடியைத் தொட்டபடி சட்டம் நின்றது, பிறகு மேலே ஏறியது. வெளியே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், ஏறிய சட்டம் பாதியில் நின்றுபோனது.

சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏன்க்கா நகரல? கீழ வர்றது தெரியலயா உனக்கு?"

"தெரிஞ்சுது." அக்காவின் உதடு வறண்டிருந்தது. "பயந்தா எனக்கு உடம்பு மரத்துடும்டி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"நீதான் எதுக்குமே பயப்பட மாட்டியே!"

"யாரு கேட்டாங்க? நீ கத்துவ, எல்லாரும் உன்கிட்ட ஓடி வருவாங்க. நான் நிப்பேன். என்னமா தைரியம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

வாசலில் இருந்து தேர்வாளர் ஏதோ கேட்டார். சின்னவள் காதில் விழவில்லை. பரீட்சை எக்கேடோ கெடட்டும். ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் அக்காவோடு வளர்ந்திருக்கிறாள். ஒரு நாளும் தெரியவில்லையே!

"வாக்கா, வெளிய போயிடலாம்."

அக்கா அசையவில்லை.

"இன்னும் கால் வரலடி," என்றாள். "பிடிச்சு இழு."

சின்னவள் தன் உதறுகிற கையால் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.