பொத்தான் சத்தம்

அவருடைய கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதை யாரும் எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை. "காதுக்காரர் கடை" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். பிறகு, பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்புரேட்டரின் திருகை மயிரிழை அளவுக்குத் திருப்புவார். அதுவரை இருமிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் சமத்தாக மூச்சு விடத் தொடங்கும்.

காது எவ்வளவு வேலை செய்யுமோ அதே அளவுக்கு வாயும் வேலை செய்யும். விலை கூடின பெட்ரோலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார்.

"அண்ணே, அந்த ஆக்டேன் கூடின பெட்ரோல் போட்டா வண்டி பறக்குமாமே?"

"அது என்ன டானிக்கா, குடிச்சதும் பலம் வர்றதுக்கு? ஆக்டேன்னா பலம் இல்லப்பா, பொறுமை. என்ஜின் உள்ள போட்டு எவ்வளவு நெருக்கினாலும், பிளக்குல பொறி விழுற வரைக்கும் வெடிக்காம காத்துக்கிட்டிருக்கும். பொறுமை இல்லாத பெட்ரோல் முந்திக்கிட்டு வெடிச்சு பிஸ்டன் தலையில அடிக்கும். உன் வண்டி அவ்வளவா நெருக்காது. அதுக்குச் சாதா பெட்ரோலே தாராளம்."

கடை மூலையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "அப்ப உங்களுக்கு எத்தன ஆக்டேன்?"

கடையே சிரிக்கும். பொறி விழுவதற்கு முன்பே வெடிக்கிற ஆள் அவர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதால் அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

அந்தத் தையல் மிஷின் முன்பு வீட்டில்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒருநாள், "வீட்டுல வெளிச்சம் பத்தல" என்று சொல்லி மனைவி அதைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டார். ஊரார் துணியில் கிரீஸ் ஒட்டப்போகிறது என்று இவர் குதித்துப் பார்த்தார். அந்த அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டயர்கள் அடுக்கியிருந்த மூலையை ஒழித்து, சுவரோரமாக இடம் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் நர்ஸம்மா வந்தார். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குப் பழைய மோட்டார் சைக்கிளிலேயே போய்ப் பிரசவம் பார்ப்பவர். போன மழைக்காலத்தில் அவர் வண்டியின் என்ஜின் சூடேறி, சிலிண்டரின் மேல்மூடி கோணிக்கொண்டது. காதுக்காரர்தான் அதைச் சீவி மட்டப்படுத்திப் பூட்டிக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, மேட்டுல ஏறும்போது கலகலன்னு ஏதோ சத்தம் வருது. சூடாகுது, இழுக்கவும் மாட்டேங்குது."

அவர் வண்டியை முடுக்கிக் கேட்டார். எதுவும் இல்லை. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். எதுவும் இல்லை. பெட்ரோல் போதாமல் காற்று அதிகமாகிச் சூடேறுகிறது என்று தானே முடிவுகட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டைக் கொஞ்சம் பெரிய துளையுள்ளதாகப் போட்டு அனுப்பினார். கூடுதல் பெட்ரோல் போய் உள்ளே குளிர்ந்ததில் சத்தம் சற்று அடங்கியது. ஆனால் பின்னால் கரும்புகை, டேங்கில் ஊற்ற ஊற்றப் பெட்ரோல் காணாமல் போனது. நர்ஸம்மா திரும்பி வந்தார். இவர் பழைய ஜெட்டையே மாட்டினார். சத்தமும் திரும்பி வந்தது, நர்ஸம்மாவும் திரும்பி வந்தார்.

இந்தத் தடவை அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இல்லாத சத்தத்துக்கு நான் என்ன வைத்தியம் பண்றது சிஸ்டர்? எல்லாம் உங்க பிரமை!"

நர்ஸம்மா முகம் சுண்டிப்போனார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே, "டவுன்ல அந்த விலை கூடின பெட்ரோல் போட்ட அன்னிக்கு மட்டும் சத்தமே இல்லண்ணே. ஆனா மேல இருக்கிற பங்க்ல அது கிடைக்காது" என்றார்.

தையல் மிஷின் நின்றது.

"ஏங்க, பொத்தான் டப்பாவக் குலுக்கினாப்புல ஒரு சத்தம் வருதே, அதையா சொல்றாங்க? வாசல் சரிவுல இவங்க ஏறி வரும்போதெல்லாம் வருதே."

"அதேதான் அக்கா!" என்றார் நர்ஸம்மா.

சரிவில் அந்த வண்டி ஏறி வந்ததைக் காதுக்காரரும்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு பொத்தான்கூடக் கேட்கவில்லை.

சில வருடங்களாகவே அவருக்குச் சந்தேகம் இருந்தது. போன் மணி கேட்பதில்லை. மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தன. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. காதுக்காரருக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் அந்தக் கடையில் யார் வந்து வண்டியை நிறுத்துவார்கள்? ஆனால் பேசாமல் இருந்தாலும் தப்ப முடியாது. அந்தச் சத்தத்தோடு வண்டி ஓடினால் ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகும். அது பாதி மலையில்தான் ஆகும். மேலே ஒருத்தி வலியோடு காத்துக்கிடப்பாள்.

பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள். காதுதான் கைவிட்டதே தவிர கண் இன்னும் விசுவாசமாக இருந்தது. பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்ததற்கான தடயம் அது. ஏன் என்பதும் அப்போதே உறைத்தது. மூடியைச் சீவியது யார்? இவர். சீவினால் உள்ளே இடம் குறையும், நெருக்கல் கூடும், சாதா பெட்ரோலின் பொறுமை அதற்குப் போதாது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் தன் பாடத்திலேயே கோட்டை விட்டிருந்தார்.

"இப்படி வந்து ஏறு" என்றார் மனைவியிடம். "மேட்டுல போவோம். அந்தப் பொத்தான் சத்தம் வந்தா என் தோள்ல தட்டு."

கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வண்டி ஏறியது. ஆக்சிலேட்டரை முறுக்கினார். தோளில் ஒரு தட்டு விழுந்தது. இன்னும் முறுக்கினார். தட், தட், தட் என்று விடாமல் விழுந்தது. அவர் காதில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. தனக்குக் கேட்காத உலகம் ஒன்று தன் தோள்வழியாக உள்ளே வருவதை உணர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில் பாதி, மீதி என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் நர்ஸம்மாவின் எதிரில் போய் நின்றார். "பிரமை உங்களுக்கு இல்ல சிஸ்டர். எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. உங்கமேல எரிஞ்சு விழுந்துட்டேன், மன்னிச்சிடுங்க."

"காது மந்தம்னு எனக்குத் தெரியுமேண்ணே. நான் பேசும்போதெல்லாம் என் வாயவே பாத்துக்கிட்டிருப்பீங்க. வாங்க, ஒருநாள் சோதிச்சுப் பாத்துடலாம்."

"தெரிஞ்சுமா திரும்பத் திரும்ப இங்க வந்தீங்க?"

"அதான் அக்கா இருக்காங்களே. யார் எது சொன்னாலும் உங்களுக்கு எதிர வந்து நின்னு இன்னொரு தடவ சொல்றது அக்காதானே?"

அவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். மனைவி அவசர அவசரமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்த மூலையில் வெளிச்சமே இல்லை. இத்தனை வருடத்தில் அது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. முன்பு ஒருமுறை, பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தும் கேட்காமல் நின்று, நூலிழையில் தப்பியிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த மனைவி அதைப் பார்த்தார். தையல் மிஷின் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மலையில் கிடைக்கும் பெட்ரோலை மாற்ற முடியாது, என்ஜினைத்தான் அதற்கு ஒத்துவரச் செய்யவேண்டும். மூடிக்கு அடியில் தடித்த கேஸ்கெட் தகடு வைத்து நெருக்கலைக் குறைத்தார். பொறி சற்றுப் பிந்தி விழும்படி செய்தார். நர்ஸம்மாவின் டேங்கில் இருந்த சாதா பெட்ரோலிலேயே ஓடவிட்டு, கார்புரேட்டரை முதலிலிருந்து டியூன் செய்தார். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி இந்தமுறை மனைவியின் காதில் இருந்தது. அவர் விரலை உயர்த்தினால் இவர் திருகுவார், கையை விரித்தால் நிறுத்துவார்.

"இவ்வளவுதானா உங்க வித்தை? இதுக்கா இத்தன வருஷம் அலட்டிக்கிட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

மறுபடி இருவரும் மேட்டில் ஏறினார்கள். அவர் மெல்ல முறுக்கினார். தோளில் கை இருந்தது. தட்டவில்லை. நன்றாக முறுக்கினார். வண்டி குதிபோட்டு ஏறியது. கை தட்டவில்லை. உச்சி வரைக்கும் அந்தக் கை அப்படியே தோளில் கிடந்தது. இப்படி ஒரு நிம்மதியை எந்த என்ஜின் சத்தத்திலும் அவர் கேட்டதில்லை.

உச்சியில் வண்டியை நிறுத்தி, திரும்பாமலே கேட்டார்: "வெளிச்சத்துக்காகத்தான் மிஷினக் கொண்டு வந்தியா?"

பதில் இவருக்குக் கேட்கவேண்டுமே என்று மனைவி இறங்கி எதிரே வந்து நின்றார். "அந்த மூலையில எங்க இருக்கு வெளிச்சம்?"

கல்யாணம் ஆன நாளாக வீட்டில் புழங்காத வார்த்தை ஒன்றைத் தேடிப் பிடித்து, தரையைப் பார்த்துக்கொண்டே காதுக்காரர் முணுமுணுத்தார். "ரொம்ப நன்றிம்மா."

மனைவி காதில் கையைக் குவித்துக்கொண்டார். "என்னங்க? எனக்கும் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

மேட்டுக்குக் கீழே இருந்த தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.