முப்பது வரிசை கேட்ட டீச்சர்

கோவில்பட்டியில் ஒரு டி.டி.பி. சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தது சரிதானா என்று நாளெல்லாம் யோசிப்பேன். அப்போதுதான் நாகலாபுரம் பக்கத்திலிருந்து அந்த டீச்சர் வந்தார். செருப்பெல்லாம் கரிசல் மண். பேனா மூடியை ஓயாமல் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மாலைப் பள்ளிக்கு வருகைப் பதிவு அட்டவணை வேண்டுமென்று பதினோரு பெயர் கொடுத்தார். நானும் தாள் நிறைய, தாராளமாகப் பதினோரு வரிசை போட்டுக் காட்டினேன்.

“முப்பது போடுங்கம்மா.”

“பிள்ளைக பதினொண்ணுதானே டீச்சர்? எழுத்து சின்னதாயிரும்.”

“ஆகட்டும். மிச்சம் பத்தொம்பதும் இப்ப தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகுதுக. நீங்க கட்டத்தைப் போடுங்க, பிள்ளைகளை நான் கூட்டியாரேன்.”

“வரலேன்னா?” என் வாய் சும்மா இருக்கவில்லை.

“காலிக் கட்டத்தைப் பாத்தா எனக்கு உறக்கம் வராது. அதுக்குத்தான் கேக்கேன்” என்று சிரித்தார்.

வரிசைகளின் உயரத்தைக் குறைத்து முப்பதையும் ஒரே தாளில் அடக்கினேன். அச்சான தாளின் சூடு ஆறுமுன்பே பன்னிரண்டாவது கட்டத்தில் ‘முத்துமாரி’ என்று எழுதினார்.

“இவ அம்மா காலையில நான் கிளம்பி வரும்போதுதான் சரின்னு சொன்னா.”

மிச்சம் பதினெட்டும் நிறைந்ததா என்று எனக்குத் தெரியாது. நிறைந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எதையும் அத்தனை எளிதில் நம்பாதவள் நான்.