காற்றின் மேல் கார் விட்ட கனகதாஸ்

எங்கள் ஊரான வெள்ளறடைக்கு மேற்கே அமெரிக்கா வரைக்கும், கிழக்கே ஜப்பான் வரைக்கும் தேடினாலும், பிளசர் காரைக் காற்றின் மேல் உட்காரவைத்து ஓட்டிய முதல் மனிதர் எங்கள் கனகதாஸ் மாமா ஒருவர்தான். அந்தக் கார் ஓடிய நாளில் சாலையிலிருந்த குழிகள் வெட்கப்பட்டுத் தாங்களாகவே மூடிக்கொண்டன. பருந்துகள் தாழப் பறந்து வந்து, இந்த வித்தையைப் படித்துவிட்டுப் போயின. இதெல்லாம் மாமா சொன்னது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். நம் சபை வாலிபர் சங்கப் பத்திரிகைக்கு ஊரில் ஒருவரைப் பற்றி எழுது என்றார்கள், எழுதுகிறேன். பிழை இருந்தால் நான் பொறுப்பு. பொய் இருந்தால் மாமா பொறுப்பு.

மாமாவுக்கு வயது நாற்பத்தாறு. சொந்த மாமா அல்ல, பக்கத்து வீடு. வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் யுத்தத்துக்கு முந்தினது. தோட்டத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. அதன் நிறம் என்ன என்று கேட்டால் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு பதில் சொல்லும். பின் சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் பாதித் தகடுகள் உடைந்து பல வருஷம் ஆகிறது.

இந்த ஐம்பத்துநாலாம் வருஷம் ஊரெங்கும் எல்லைப் போராட்டம். நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், சேரக் கூடாது என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்தாரும் மாமாவின் காரில்தான் போவார்கள். ஒரே குழியில் ஒரே மாதிரி மேற்கூரையில் தலையை இடித்துக்கொண்டு, இரு தரப்பாரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். ஊரில் நிலவிய ஒரே ஒற்றுமை அதுதான். அந்த வார்த்தையைச் சபைப் பத்திரிகையில் எழுத முடியாது.

உடைந்த பட்டையைப் பற்றி மாமா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை, ரத்னபாய் மாமிக்கு எட்டாம் மாதம் நெருங்குகிற வரைக்கும். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இந்தத் தடவை நெய்யாற்றின்கரை டாக்டர் மாமியைப் படுக்கையைவிட்டு இறங்கக் கூடாது என்றிருந்தார். எட்டு மாதம் முடிந்ததும் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், வழியில் குலுங்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். வழி என்றால், பெருங்கடவிளை வழியாகப் பதினொரு மைல். குழிகளை நான் ஒருமுறை எண்ணினேன். நூற்றெழுபதில் எனக்குக் கணக்கு மறந்துவிட்டது. பஸ் மறியலில் நின்றுபோயிருந்தது. புதுத் தகடு திருவனந்தபுரத்திலிருந்து லாரியில் வர வேண்டும். லாரியும் இல்லை.

ஆகையால் மாமா ஆராய்ச்சியில் இறங்கினார். எல்லாம் வண்டிக்காக, மாமிக்காக அல்ல என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். ஆனாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, மாமி படுத்திருந்த அறைக்குள் ஸ்பானர் தேடிப் போவார். ஸ்பானர் கையிலேயே இருக்கும்.

முதலில் பட்டைக்கும் வண்டியின் அடிச் சட்டத்துக்கும் நடுவே தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையைத் திணித்தார். மூன்றாம் வளைவில் அது தும்பாகிப் பறந்தது. பிறகு பலாக்கட்டை. பலாக்கட்டை உடையவில்லை, ஏறி உட்கார்ந்திருந்த என் முதுகெலும்புதான் உடையப் பார்த்தது. மூன்றாவதாகத்தான் காற்று வந்தது. பழைய லாரி டியூப் இரண்டை வால்வோடு சேர்த்து வெட்டி, முனைகளை மடித்து ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக் கட்டி, சைக்கிள் பம்பால் அடித்தார். கார் ஒரு சாண் உயர்ந்தது. மாமா இரண்டு சாண் உயர்ந்தார்.

ராத்திரிக்குள் காற்று இறங்கிவிட்டது. சோப்பு நுரையைத் தடவினார். கசிகிற இடத்தில் குமிழி கிளம்பியது. அதை அடைக்க மாமா எடுத்தது ரப்பர் பால். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேதத்தின் மேல் உள்ள நம்பிக்கையைவிட ரப்பர் பாலின் மேல் உள்ள நம்பிக்கை ஒரு பிடி அதிகம். ஓட்டைக் குடை, பிளந்த செருப்பு, ஒருமுறை ஒரு பெரியவரின் பல்செட்டு வரைக்கும் பாலை ஊற்றி, பாலை ஷீட்டாக உறையவைக்கப் போடும் ஆசிட்டையும் இரண்டு துளி விட்டு ஒட்டிவிடுவார்கள். மாமாவும் ஒட்டினார். முதல் ஒட்டு சைலன்சர் சூட்டில் அல்வாவாக இளகியது. சூடு படாமல் நடுவே ஒரு தகரத்தை அடித்து, மறுபடியும் ஒட்டினார். பச்சைப் பால் சூட்டில் நிற்காது, சைக்கிள் கடைச் சொல்யூஷன் வாங்கு என்று ஊரே சொன்னது. மாமா கேட்கவில்லை.

மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் ஞாயிறு. மாமா காரை வேதக்கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கோயிலுக்கு எதிர் வீடுதான் அவருடையது. மாமி படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். ஆராதனை முடிந்து சபையார் வெளியே வந்த நேரம், உஸ்ஸென்று சத்தம் கேட்டது. எல்லோரும் பார்க்க, கார் ஒரு பக்கமாக மெள்ளச் சாய்ந்து, பின்புறம் தாழ்ந்து, முழங்காற்படியிட்டது. நல்ல பக்தியுள்ள கார் என்றார் போதகர். பால் ஒட்டு இளகிவிட்டது, சொன்னோமே என்றது ஊர். ஊர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் அந்தச் சமயம் கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தில் இருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது.

சிரிப்பு அடங்கியபோது வேறொன்று தெரிந்தது. வண்டியின் பாரம் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே டியூபை நசுக்கி, ஒரு முழத்துக்குக் கிழித்திருந்தது. வேறு டியூப் ஊரில் இல்லை. டாக்டர் சொன்ன நாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்.

“முட்டு குத்துத காரில எனக்க பிள்ளையக் கொண்டு போவ மாட்டேன். நாலு ஆளைப் பாருங்க, கட்டிலோட சொமக்கட்டு.”

பதினொரு மைல், மறியலுக்கு நடுவே, கட்டிலில். அன்று முழுக்க மாமா ஸ்பானர் தேடி உள்ளே போகவில்லை.

அந்த ராத்திரி வாலிபர் சங்கத்துக்கு ஒரு பெரிய நஷ்டம் நேர்ந்தது. நாங்கள் விளையாடுகிற தோல் பந்து காணாமல் போயிற்று. இரண்டு பருவம் ரப்பர் கொட்டை பொறுக்கி விற்று நான் வாங்கின பந்து. ஆகவே மற்றவர்களைவிட நான் சத்தமாகவே வருத்தப்பட்டேன். காலையில் மாமாவின் கார் மூக்கின் மேல் ஒரு பந்து இருந்தது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரைக்கும் துப்புத் துலங்கவில்லை. அது என் பந்தா என்று மாமா கேட்டார். உலகத்தில் எத்தனையோ பந்து உண்டு என்றேன்.

பந்தைக் கையில் உருட்டியபோதுதான் மாமாவுக்கு மூளையில் வெளிச்சம் அடித்தது. டியூப் அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது, பிதுங்குவதால் கிழிகிறது. பந்துக்குள் இருக்கிற பிளாடர் என்கிற ரப்பர்ப் பையோ தோல் சட்டைக்குள் இருப்பதால் பிதுங்க வழியில்லை. காற்றுக்குச் சட்டை வேண்டும். கிழிந்த பக்கத்தில் பந்தை வைத்தார். மறுபக்கத்து டியூபுக்குச் சாக்கில் இரண்டு அடுக்குச் சட்டை தைத்தார். நிற்கும்போது பாரம் நசுக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டையும் வைத்தார். காற்று போனாலும் வண்டி அந்தக் கட்டையில் உட்காருமே தவிர டியூபில் உட்காராது. இந்தக் கட்டையை முதலிலேயே வைத்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

மாமி லேசில் நம்பவில்லை. வாளி நிறைய ரப்பர் பாலை என் மடியில் வைத்துச் சந்தை வரைக்கும் போய்வரச் சொன்னாள். போய்வந்தோம். ஒரு சிரட்டை அளவு சிந்தியது. என் நிக்கர் பாலில் உறைந்து, அதை மாமா கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். மாமி சிரித்து நான் பார்த்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஏறுதேன் என்றாள்.

புறப்பட்ட அன்று, நடக்கிற ஆள் முந்திப் போகிற வேகத்தில் போனோம். ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு மைலுக்கு ஒரு தடவை இறங்கிப் பந்தை அமுக்கிப் பார்ப்பது என் வேலை. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன், வேறு காரணம் இல்லை. பெருங்கடவிளைக்கு இப்பால் சாலை முழுக்கக் கல்லை உருட்டிப் போட்டிருந்தார்கள். மறியல்காரர்களுக்குத் தலைவன் தேவகுமார் அண்ணன். ஒரு தரம் கோஷம் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்றான்.

“கோசம் போட்டா வண்டிக்குக் காத்து போவும் மக்கா,” என்றார் மாமா. “உள்ளுக்க மாமி கிடக்கா. கல்லை எடு.”

தேவகுமார் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு கல்லை எடுக்கச் சொன்னான். எடுத்த கல்லை எங்கே போடுவது என்று ஒருவன் கேட்டான். அண்ணன் அடுத்த குழியைக் காட்டினான். அதற்கடுத்த குழியையும் காட்டினான். இருபது பேர் காருக்கு முன்னால் கல் சுமந்துகொண்டு நடந்து, ஒரு மைலுக்குக் குழி அடைத்தார்கள். குழிகள் தாங்களாகவே மூடிக்கொண்டன என்று மாமா சொல்வது இதைத்தான். இந்தப் போராட்டத்தில் ஊருக்கு இதுவரைக்கும் நடந்த ஒரே நன்மையும் இதுதான், தாலுகா எந்தப் பக்கம் போனாலும்.

மாமி குலுங்காமல் ஆஸ்பத்திரியில் இறங்கினாள். மூன்று வாரம் கழித்துப் பெண் பிள்ளை. நிறம் மாமி, சத்தம் கார்.

இவ்வளவையும் நேற்று எழுதி முடித்து மை காயவைத்திருந்தபோது மாமா வந்தார். கக்கத்தில் என் பந்து. ஒரு பக்கம் நசுங்கிப் பூசணிக்காய் போல இருந்தது. காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தார். துரையின் கார் என்ற இடத்தில் தலையாட்டினார். புளியமரம் என்ற இடத்தில் சற்று நின்று, மீதியையும் வாசித்து முடித்தார்.

“இதில ரெண்டு பொய் உண்டு கேட்டியா,” என்றார். “பந்தில ஒனக்க கையால தைச்ச கோணத் தையல் இருக்கு. அது எனக்கு அண்ணைக்கே தெரியும். மாமிக்கும் தெரியும். பிள்ளைக்கு முதல் பந்து இதாக்கும்ணு சொல்லியிருக்கா.”

எத்தனையோ பந்து உண்டு என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

“எனக்க பால் ஒட்டு இளகல்லலே. கிழிஞ்ச டியூபில இப்பவும் கல்லு மாதிரி இருக்கு. வால்வுக்குள்ள காத்தைப் பிடிச்சு நிறுத்துத ஊசியத்தான் காணல்ல. அது எங்கலே?”

என் கை, என்னைக் கேட்காமலே, சட்டைப் பைக்குப் போனது.